பிளாக்: கறையா, காரையா, படலமா?

சேலத்தில் பல் மருத்துவர் ஒருவர் "பிளாக் நிறைய இருக்கிறது" என்று சொன்னால், கேட்பவர் பெரும்பாலும் அதைக் "கறை" என்றே எடுத்துக்கொள்கிறார். வாழப்பாடிப் பக்கத்துப் பாக்கும் வெற்றிலையும் புழங்குகிற ஊரில் அப்படி எண்ணுவது இயல்புதான். ஆயினும் பாக்குக் கறை பல்லின் தோற்றத்தைக் கெடுப்பதோடு நின்றுவிடும். ஈற்றில் இரத்தம் கசிவதற்குக் காரணமான பிளாக் (plaque) என்னும் நுண்ணுயிர்ப் படிவு, பல்லின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணாடியில் பார்த்தாலும் எளிதில் தெரியாது.

பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்குத் தகடு என்று பொருள். டச்சு மொழியில் ஒட்டுதல், பூசுதல் என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து அது வந்தது. கட்டடத் திறப்பு விழாவில் சுவரில் பதிக்கும் பெயர்த்தகட்டையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். பல்லின்மீது கூழ்போல் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்ப் படிவுக்கு இச்சொல்லை வழங்கியவர் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக், ஆண்டு 1898. தமிழ் எழுத்தில் இது படும் பாடு தனி: "பிளாக்" என்று எழுதினால் அடைப்பு என்றும் கருப்பு என்றும் படிக்க இடமுண்டு, "பிளேக்" என்று எழுதினாலோ, கோவையில் மாரியம்மனுக்கே அடைமொழியாகிவிட்ட கொள்ளைநோய் வந்து நிற்கும். பொருத்தமான தமிழ்ச்சொல் தேவைப்படுவதற்கு இந்தக் குழப்பம் ஒன்றே போதும்.

பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் பல்லின்மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அதில் முதலில் வந்து ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள். ஆரோக்கியமான வாயிலும் இருக்கும் இவற்றால் ஈற்றுக்குப் பெரிய கேடில்லை. படிவை அகற்றாமல் விட்டால், ஃபியூசோபாக்டீரியம் போன்றவை முன்வந்தவற்றையும் பின்வருபவற்றையும் இணைக்கும் பாலமாகின்றன. ஆக்சிஜன் எட்டாத ஈற்றோர இடுக்கில் போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் போன்றவை கடைசியாகக் குடியேறுகின்றன. இரத்தத்தில் உள்ள இரும்புச்சத்து இதற்கு உணவு. ஆகவே ஈறு கசியக் கசிய அதற்கு வளமான இடமாகிறது. இவை அனைத்தும் தாமே சுரக்கும் பசைக்குள் பொதிந்து வாழ்வதால், வாய் கொப்பளிக்கும் மருந்து உள்ளடுக்கு வரை எளிதில் செல்வதில்லை.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகரான லீவன்ஹூக் இதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே கவனித்திருக்கிறார். தம் பல்லிடுக்கில் கரைத்த மாவுபோல் இருந்த வெண்பொருளைத் தாமே செய்த உருப்பெருக்கியில் பார்த்து, அதில் சிற்றுயிர்கள் துள்ளுவதை 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். புளிக்காடியால் வாயைக் கழுவியபோது மேற்புறத்தில் இருந்தவை மட்டுமே மடிந்தன என்பதும் அவர் கண்டதே.

இனித் தமிழ்ச்சொல். நூல்களில் "பற்படலம்" என்பதே மிகுதியாக வருகிறது. படலம் வடமொழித் தொடர்புடையது என்பதால் பாலேட்டில் உள்ள "ஏடு" என்னும் சொல்லை எடுத்துப் "பல்லேடு" என்று ஆக்கலாமே என்று தோன்றக்கூடும். ஆனால் கண்ணில் படலம் என்று பேச்சிலேயே பழகிவிட்ட சொல்லை ஒதுக்கிவிட்டு, விளக்கம் தேவைப்படும் புதுச்சொல்லைப் புகுத்துவதில் பயனில்லை. பற்படலமே போதும், நுண்ணுயிரிகள் கூட்டாக வாழும் எவ்வகை மென்படிவுக்கும் "உயிர்ப்படலம்" என்பது பொதுப்பெயராகலாம்.

படலத்தைக் "காரை" என்று எழுதுவதுதான் தவறு. உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து படலம் இறுகிக் கல்லாகும்போதுதான் அது பற்காரை. லத்தீனில் சிறுகல் என்று பொருள்படும் "கால்குலஸ்" என்பதைவிட, சுவரில் பூசி இறுகும் சாந்தைக் குறிக்கும் நம் காரை இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் திறப்பு அருகில் இருப்பதால், கீழ் முன்பற்களின் உட்புறத்தில் இது மிகுதி. நாக்கு நுனியால் தடவினாலே சொரசொரப்புத் தெரியும். படலத்தைத் துலக்கி எடுத்துவிடலாம், காரையை மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். "கிளீன் பண்ணினா பல்லு ஆடிப்போயிருமுங்களே" என்னும் அச்சத்துக்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது: எலும்பு கரைந்து முன்னரே தளர்ந்த பல்லின் இடைவெளியைக் காரை அடைத்துக்கொண்டிருக்கும், அதை எடுத்ததும், மறைந்திருந்த இடைவெளியும் ஆட்டமும் வெளிப்படுகின்றன.

நோயின் பெயர்களையும் இரண்டாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஈறு சிவந்து வீங்கிக் கசிவது ஈறழற்சி. ஹரால்டு லோவும் உடன் ஆய்வாளர்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வில், 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தபோது, 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது தணிந்தது. அழற்சி பல்லைப் பிடித்திருக்கும் நாருக்கும் எலும்புக்கும் இறங்கினால் பல்சுற்றுத் திசு அழற்சி என்க. அங்கே அழிவின் பெரும்பகுதியைச் செய்வது, பாக்டீரியாவை எதிர்க்கப் புறப்பட்ட நம் உடலின் நொதிகளும் உயிரணுக்களுமே. இழந்த எலும்பு, துலக்குவதால் மட்டும் திரும்பாது. இவ்விரண்டையும் "ஈறு வீக்கம்" என்று ஒரே பெயரில் எழுதும் வழக்கத்தை மருத்துவச் சீட்டுகளிலாவது விட்டுவிடுவது நல்லது.