மாதாமாதம் பொங்கும் விண்மீன்

‘வெடித்த விண்மீன் மறுபடியும் எப்படி வெடிக்கும்?’ என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வெடிப்புகள் ஒரே வகை அல்ல. சூப்பர்நோவாவில் விண்மீனே சிதறிப்போகும். நோவாவில் வெள்ளைக் குறுமீனின் (எரிந்து முடிந்த விண்மீனின் சிறிய, அடர்ந்த மிச்சம்) மேல் படிந்த ஹைட்ரஜன் மட்டும் அணுக்கருப் பிணைவில் பற்றிக்கொள்ளும்; மீன் பிழைத்துக்கொள்ளும். குறுநோவாவில் அணுக்கரு வேலையே கிடையாது. குறுமீனைச் சுற்றியுள்ள வாயுத் தட்டுதான் பொங்கி அடங்குகிறது. அதனால்தான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

தென்வானில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஹைட்ரஸ் விண்மீன் குழுவிலுள்ள வி.டபிள்யூ. ஹைட்ரை. தூரம் சுமார் 175 ஒளியாண்டு. ஒரு வெள்ளைக் குறுமீனும் ஒரு செங்குறுமீனும் (சிவந்த, குளிர்ந்த சின்ன விண்மீன்) 107 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன; ஜோடி முழுவதும் சூரியனுக்குள் அடங்கிவிடும். சாதாரண நாளில் பொலிவெண் 13.5-ஐ ஒட்டி இருக்கும். ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை 9.5 வரை வரும் (எண் குறைந்தால் பொலிவு கூடும்), அதாவது நாற்பது மடங்கு பொலிவு.

செங்குறுமீனிலிருந்து வழியும் வாயு சுழற்சியோடு வருவதால் குறுமீன்மேல் நேரே விழ முடியாமல் தட்டாகச் சுற்றுகிறது. உராய்வு இருந்தால்தான் அது உள்நோக்கி நகரும். தட்டு குளிர்ந்திருக்கும்போது ஹைட்ரஜன் அணுக்கள் எலக்ட்ரானை விடுவதில்லை, உராய்வும் குறைவு. போவதைவிட வருவது அதிகமாகி வாயு சேர்கிறது, வெப்பம் மெல்ல ஏறுகிறது.

சுமார் 6,000 கெல்வினைத் தாண்டும்போது நடப்பதுதான் இதில் அழகு. ஹைட்ரஜன் எலக்ட்ரானை இழக்கத் தொடங்குகிறது, அந்த எலக்ட்ரான்கள் ஒளியை வெளியே விடாமல் மறிக்கின்றன. ஒளிபுகாமை வெப்பநிலையின் பத்தாம் அடுக்கை ஒட்டி உயர்கிறது: வெப்பநிலை பத்து சதவீதம் ஏறினால் ஒளிபுகாமை இரண்டரை மடங்காகும். வழக்கமாக ஒரு பொருள் சூடேறினால் கூடுதலாக வெப்பத்தை வெளியிட்டுத் தணியும். இங்கே சூடு ஏற ஏற, சோற்றுப்பானைக்கு மூடி போட்டதுபோல வெளியேறும் வழி அடைபடுகிறது. அடைபட்ட சூடு உராய்வைக் கூட்டுகிறது, உராய்வு இன்னும் சூட்டைக் கூட்டுகிறது. ஹைட்ரஜன் முழுக்க அயனியாகும்வரை இது நிற்பதில்லை. தட்டு 10,000 கெல்வினைத் தாண்டிவிடும். ஒரு வளையத்தில் தொடங்கும் சூடு அடுத்த வளையத்தையும் தூண்ட, ஒரு நாளுக்குள் தட்டு முழுவதும் ஒளிர்கிறது. வாயு குறுமீன்மேல் கொட்டுகிறது. விளிம்பில் அடர்த்தி குறைந்ததும் குளிரலை ஒன்று உள்நோக்கி ஓட, சில நாளில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

ஒவ்வொரு பொங்கலிலும் தட்டிலுள்ள வாயுவில் சிறு பங்குதான் காலியாகிறது. மிச்சம் சேர்ந்து தட்டு விரிந்துகொண்டே போகும். துணைமீனான செங்குறுமீன் ஒருமுறை சுற்றுவதற்குள் விளிம்பு வாயு மூன்றுமுறை சுற்றும் தூரத்தை எட்டியதும், துணைமீனின் ஈர்ப்பு தாளம் தப்பாமல் இழுத்துத் தட்டை நீள்வட்டமாக்கிவிடும். அப்போது வருவது பெரும்பொங்கல்: ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பொலிவெண் 9-க்கும் கீழே. அந்த நீள்வட்டத் தட்டும் மெல்லத் திரும்புவதால், சுற்றுக்காலத்தைவிட மூன்று சதவீதம் நீண்ட ஒரு துடிப்பு ஒளியில் தெரியும். 1972 டிசம்பர் பெரும்பொங்கலில் இதைக் கண்டவர்களில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் பிரையன் வார்னரும் ஒருவர். 107 நிமிடத்துக்கும் 110 நிமிடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடிக்க, இரவு முழுக்க, பல இரவுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்து ஊரிலுள்ள சால்ட் என்ற பெரிய தொலைநோக்கியில் 91 கண்ணாடித் துண்டுகள் இருந்தும், அதன் சாய்வு மாறாததால் ஒரு விண்மீனைப் பொதுவாக ஓரிரு மணி நேரம்தான் தொடர முடியும். பெரியதற்குப் பணம் வந்ததும் ஒரு மீட்டர் தொலைநோக்கிகளைக் கைவிடுவது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பள்ளிகளுக்கும் அந்தப் பணத்தில் பங்கு வேண்டும். புது ஒளியைத் துர்க்குறி என்று புரட்டாசி விரதத்தோடு முடிச்சுப் போடுவதை நம் பிள்ளைகள் கைவிட வேண்டுமானால், அவர்களே அளந்து பார்க்கட்டும்.

இதற்கு 20 செ.மீ. தொலைநோக்கி போதும். டர்பனிலிருந்து இந்த மீன் மறைவதே இல்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை மாலையில் உயரத்தில் நிற்கும். காமா ஹைட்ரை என்ற விண்மீனுக்கு வடக்கே சுமார் மூன்று பாகை தள்ளித் தேடுங்கள். பொலிவெண் தெரிந்த இரண்டு மீன்களை அதே பார்வைப்புலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 9.2, மற்றது 9.8 என்றால், நடுவில் இருப்பது 9.5. ஒப்பிடும் இரு மீன்களும் உங்கள் இரு கண்களையும் இணைக்கும் கோட்டுக்கு இணையாக வருமாறு தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கீழே உள்ள மீனின் பொலிவு தப்பாகத் தெரியும். கடற்காற்றின் ஈரத்தில் லென்ஸில் பனி படியும், கரும்புக்காட்டுப் புகையும் மங்கலான மீன்களை விழுங்கும். இரண்டையும் குறித்து வையுங்கள். நம் கடிகார நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தைக் குறைத்து உலக நேரத்தில் எழுதுங்கள். நேற்றைய குறிப்பைப் பார்த்துவிட்டு இன்று மதிப்பிடாதீர்கள், கை தானாக அதே எண்ணை எழுதும். மீன் தெரியாத இரவில் பக்கத்தில் தெரிந்த மிக மங்கலான மீனின் எண்ணை எழுதி ‘இதைவிட மங்கல்’ என்று பதியுங்கள். பொங்கல் எந்த இரவில் தொடங்கியது என்பதை அந்தப் பதிவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.