மகாராஜாவுக்கு நாலாவது சீட்: வேடிக்கைப் புகழ்ச்சி எப்படி வேலை செய்கிறது?

காலை ஏழு மணிக்கு மேல் மும்பையின் புறநகரான டோம்பிவிலியில், சிஎஸ்எம்டி நிலையத்துக்குப் போகும் ஃபாஸ்ட் லோக்கல் ரயிலைப் பிடிப்பவர்களுக்குத் தெரியும், பெட்டிக்குள் நுழைவதே ஒரு வித்தை. மூன்று பேர் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில் நாலாவதாக ஒருவர் தொற்றிக்கொள்வார். அதற்குப் பெயரே ‘நாலாவது சீட்’. பாதி உடம்பு பலகையில் இருக்கும், மீதி நடைபாதையில் தொங்கும். எங்கள் பெட்டியில் அண்ணாச்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நிற்பார். உடனே ஜன்னலோரத்திலிருந்து மாமா குரல் கொடுப்பார்: “மகாராஜா எழுந்தருளிட்டார்! சிம்மாசனத்தைக் காலி பண்ணுங்கப்பா!” மூன்று பேரும் இரண்டு அங்குலம் நகர்வார்கள். அந்த இரண்டு அங்குலம்தான் சிம்மாசனம்.

அதோடு நிற்காது. அண்ணாச்சி அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தால் குரியரில் வேலை பார்க்கும் தம்பி ஆரம்பிப்பான்: “அண்ணாச்சி சட்டை வெளிச்சத்துல டிரைவருக்கு சிக்னல் தெரியலையாம். அதான் வண்டி திவா ஸ்டேஷன்ல நிக்குது.” அண்ணாச்சி அசர மாட்டார். “உன் கண்ணு பட்டப்புறம்தான் தம்பி இந்தச் சட்டைக்கே ஜென்மம் கடைத்தேறிச்சு.” அப்புறம் பேச்சு மாமாவின் டப்பாவுக்குத் தாவும். மாமி கட்டிக் கொடுத்த புளியோதரையின் மூடி திறந்தால், தென்னிந்திய ஹோட்டல்களுக்குப் பேர்போன மாதுங்காவில் பாதி ஹோட்டல்கள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போகும் என்பார் பேங்க் சார். மாமாவும் சும்மா இருக்க மாட்டார்: “நீங்க கையெழுத்துப் போடலைன்னா ரிசர்வ் பேங்கே திறக்காதாமே சார்!” தாணே வருவதற்குள் எல்லோரும் ஒரு சுற்றுப் புகழப்பட்டிருப்பார்கள்.

பல வருஷமாக இதைப் பார்க்கிறேன், நானும் ஆடுகிறேன். இதில் யாரும் யாரையும் நம்பவில்லை, ஆனால் எல்லோருக்கும் மனசு நிறைகிறது. பொய் என்று தெரிந்த புகழ்ச்சி எப்படி இனிக்கிறது? இந்தக் கேள்விக்கு மொழியியலும் மூளை அறிவியலும் சேர்ந்து ஒரு நல்ல விளக்கம் வைத்திருக்கின்றன.

முதலில் பொய்யைப் பார்ப்போம். பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் 1967-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். பேசுகிற இருவரும் ஒருவரோடு ஒருவர் ஒத்துழைக்கிறார்கள் என்ற எதிர்பார்ப்பின் மேல்தான் பேச்சு நடக்கிறது என்பது அவர் வாதம். பொய் என்று தெரிந்ததைச் சொல்லாதே என்பது அந்த ஒத்துழைப்பின் விதிகளில் ஒன்று. ஒருவர் இந்த விதியை மறைவாக மீறினால் அது ஏமாற்று. எல்லோருக்கும் தெரியும்படி, அப்பட்டமாக மீறினால்? கேட்பவர் ‘இவன் பொய்யன்’ என்று முடிவு கட்டுவதில்லை. ‘இவன் வேறு என்னவோ சொல்ல வருகிறான்’ என்று தேடத் தொடங்குகிறார். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த உயர்வு நவிற்சி அணி வேலை செய்வதும் இப்படித்தான். சட்டையின் வெளிச்சத்தில் ரயில் நிற்காது என்பது அண்ணாச்சிக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும், தம்பிக்குத் தெரியும் என்பதும் அண்ணாச்சிக்குத் தெரியும். எனவே சொல்லின் நேர்ப்பொருளைத் தள்ளிவிட்டு அவர் அடியில் இருப்பதை எடுத்துக்கொள்கிறார்: புதுச் சட்டையை இவன் கவனித்திருக்கிறான், நம்மிடம் விளையாடும் அளவுக்கு உரிமை எடுத்துக்கொள்கிறான்.

இங்கே அளவு முக்கியம். “சட்டை நல்லா இருக்கு” என்றால் அது நேரான பாராட்டு. “உங்களை மாதிரி சட்டை தேர்ந்தெடுக்க இந்த லைன்லயே ஆள் இல்லை” என்றால் சங்கடம். நிஜமாகச் சொல்கிறாரா, கைமாத்துக் கேட்கப் போகிறாரா, கிண்டல் செய்கிறாரா? எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ரயில் நின்றுவிட்டது என்ற அளவுக்குப் போய்விட்டால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மிகையில் ஆபத்தானது அரைகுறை மிகைதான். குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடமும் இதுவே. பயந்து பயந்து கொஞ்சமாக ஏற்றிச் சொல்வார்கள், அது ஐஸ் வைப்பதுபோல் கேட்கும்.

‘இது விளையாட்டு’ என்ற அறிவிப்பு சொல்லில் மட்டும் இருப்பதில்லை. கிரிகரி பேட்சன் என்ற மானுடவியலாளர் 1952-இல் சான்பிரான்சிஸ்கோ விலங்குக் காட்சியகத்தில் குட்டிக் குரங்குகள் சண்டை போட்டு விளையாடுவதைப் பார்த்தார். கடிப்பதுபோல் கடிக்கின்றன, ஆனால் அது கடி இல்லை என்பது இரண்டுக்கும் தெரிந்திருக்கிறது. அப்படியானால் ‘நான் இப்போது செய்வது நிஜமில்லை’ என்ற செய்தியை அவை எப்படியோ பரிமாறிக்கொள்கின்றன என்று அவர் எழுதினார். எங்கள் பெட்டியில் அந்தச் செய்தி குரலில் இருக்கிறது. மாமா மகாராஜா என்று சொல்லும்போது ‘ரா’ ஒரு ஸ்டேஷன் தூரத்துக்கு நீளும். தம்பி எதிர்ப்பக்கம் திரும்பி, புருவத்தை ஏற்றி, முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொள்வான். இரண்டுமே குரங்குக் குட்டியின் பொய்க்கடிதான்.

சரி, விளையாட்டு என்று புரிந்துவிட்டது. அதனால் என்ன பயன்? இதை விளக்குவதில் தமிழுக்கே ஒரு பங்கு இருக்கிறது. பெனலப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1970-களில் மரியாதைப் பேச்சு பற்றி ஒரு கோட்பாட்டை உருவாக்கினார்கள். உலகம் முழுக்க மொழியியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள், அதோடு சண்டையும் போடுகிறார்கள். அந்தக் கோட்பாட்டுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் மலைக்கிராமம் ஒன்றில் பேசும் செல்தால், அப்புறம் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத் தமிழ். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆசைகள் உண்டு என்றார்கள். என்னை நாலு பேருக்குப் பிடிக்க வேண்டும் என்பது ஒன்று. என்னை யாரும் நெருக்கக் கூடாது, என் வழியில் குறுக்கிடக் கூடாது என்பது மற்றொன்று. எதையாவது கேட்கும்போது இரண்டாவது ஆசை அடிபடுகிறது, முதல் ஆசைக்குத் தீனி போட்டு அதைச் சரிக்கட்டுகிறோம். அதற்கு மனிதர்கள் கையாளும் வழிகளாக அவர்கள் பட்டியலிட்டவற்றில் மூன்று எனக்கு உடனே கண்ணில் படுகின்றன: பாராட்டை மிகைப்படுத்துவது, வேடிக்கை பேசுவது, உறவுபோல் அழைப்பது.

மும்பை லோக்கலில் இரண்டாவது ஆசைக்கு என்ன கதி என்று சொல்லத் தேவையில்லை. முன்பின் தெரியாதவரின் முழங்கை விலாவில் இருக்கும், பை தலைமேல் இருக்கும். பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுக்கிறவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒரு பக்கம் மரத்துப்போன தொடையோடு வருவார். ‘மகாராஜா எழுந்தருளிட்டார்’ என்ற ஒரே வரியில் மிகையும் வேடிக்கையும் இருக்கின்றன. ‘அண்ணாச்சி’, ‘மாமா’, ‘தம்பி’ என்ற விளிகளில் உறவு இருக்கிறது. திருநெல்வேலிக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் ஊரில் இருந்திருந்தால் ஒருவரையொருவர் இப்படிக் கூப்பிட்டிருப்பார்களா என்பது சந்தேகம். இங்கே கூப்பிடுகிறார்கள், நகர்ந்தும் உட்காருகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பதில் சொல்வது. நேரான பாராட்டுக்குப் பதில் சொல்வது உண்மையில் கஷ்டமான வேலை. அனிதா பொமரன்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1978-இல் இதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். பாராட்டுகிறவரோடு ஒத்துப்போக வேண்டும் என்று ஒரு நெருக்கடி, தற்புகழ்ச்சி கூடாது என்று இன்னொரு நெருக்கடி. ஒத்துக்கொண்டால் கர்வம், மறுத்தால் சொன்னவரை அவமதித்ததுபோல். அதனால்தான் பாராட்டைக் கேட்டதும் மனிதர்கள் நெளிகிறார்கள், குறைத்துச் சொல்கிறார்கள், பேச்சை மாற்றுகிறார்கள். நம் வீடுகளில் இன்னொரு முடிச்சும் உண்டு, கண்ணேறு. குழந்தையைப் பார்த்து ‘அழகு’ என்று யாராவது நேராகச் சொல்லிவிட்டால் அன்று சாயங்காலமே என் அம்மா மிளகாய் சுற்றிப் போடுவார். பாராட்டு என்பது நமக்குக் கொஞ்சம் சூடான பாத்திரம். வெறுங்கையால் வாங்க முடியாது.

மிகைப் புகழ்ச்சி அந்தப் பாத்திரத்துக்குப் பிடிதுணி. நேர்ப்பொருளை யாரும் நம்பாததால் ஒத்துக்கொண்டாலும் கர்வம் ஆகாது. மறுக்கவும் வேண்டியதில்லை, அதைவிடப் பெரிதாக ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் போதும். கணக்கு அங்கேயே நேராகிவிடுகிறது. அண்ணாச்சியின் பதிலைத் திரும்பப் பாருங்கள். சட்டையின் பெருமையை அவர் மறுக்கவில்லை, அதைத் தம்பியின் கண்ணுக்குத் தாரைவார்த்துவிட்டார். போகிற போக்கில் கண்ணேற்றையே வரமாக மாற்றிவிட்டார். இதைவிடச் சாமர்த்தியமான பதிலை எந்தச் சபையிலும் நான் கேட்டதில்லை.

பிறகு சிரிப்பு. ராபர்ட் புரொவைன் என்ற நரம்பியல் அறிஞர், தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் நாம் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்று கண்டார். குரங்குகள் ஒன்றுக்கொன்று ரோமத்தைக் கோதிவிட்டு உறவு வளர்க்கின்றன, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கோத முடியும். மனிதக் குழுக்கள் பெரிதானபோது அந்த வேலையைப் பேச்சும் சிரிப்பும் எடுத்துக்கொண்டன என்பது ராபின் டன்பாரின் கருத்து. இது மறுப்பில்லாத கருத்து அல்ல. ஆனால் சிரிப்பு உடம்பில் செய்வதற்கு நேரடிச் சான்று உண்டு. பின்லாந்தின் துர்க்கு நகரில் 12 ஆண்களை அவர்களுடைய நெருங்கிய நண்பர்களோடு அரை மணி நேரம் நகைச்சுவைக் காட்சிகள் பார்க்க வைத்து, பிறகு மூளையை ஸ்கேன் செய்தார்கள். சேர்ந்து சிரித்தபின், வலியைத் தணித்து இதமளிக்கும் எண்டார்பின் வகைப் பொருள்கள் மூளையில் சுரந்திருந்தன. 2017-இல் அந்த ஆய்வு வெளியானது. முழங்கைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நிற்கிறவர்களுக்கு அது சின்ன மருந்து இல்லை.

இந்த மருந்து எல்லோருக்கும் சேராது. நெதர்லாந்தில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் குழந்தைகளை ஒரு படம் வரையச் சொன்னார்கள். சிலரிடம் ‘அழகாக வரைந்திருக்கிறாய்’ என்றார்கள், சிலரிடம் ‘நம்ப முடியாத அளவுக்கு அழகாக வரைந்திருக்கிறாய்’ என்றார்கள். தன்னைப் பற்றிக் குறைவாக நினைக்கும் குழந்தைகள் அந்த ஊதிய பாராட்டுக்குப் பிறகு கடினமான படங்களைத் தொடத் தயங்கினார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். அங்கே விளையாட்டு என்ற அறிவிப்பு இல்லை. பெரியவர் நிஜமாகவே சொல்கிறார், அந்த உயரத்தில் இனி எப்போதும் நிற்க வேண்டுமே என்ற பயம் குழந்தைக்கு வருகிறது. பலன் எதிர்பார்த்துப் புகழ்வது இன்னொரு கதை. வலுவில்லாதவனை வீமன் என்றாலும், ஈயாதவனைப் பாரி என்றாலும் கொடுப்பார் இல்லை என்று திருப்புகலூரில் சுந்தரர் பாடியது அதைத்தான்.

எங்கள் பெட்டியிலும் ஒருமுறை தவறியது. தம்பி ஓர் இன்டர்வியூவுக்குப் போய்வந்த மறுநாள். வேலை கிடைக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. பேங்க் சார் வழக்கம்போல, “வாங்க எம்.டி. சார், கம்பெனியை எப்ப வாங்குறீங்க?” என்றார். வார்த்தை அதே வார்த்தை, குரலும் அதே குரல். தம்பி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான். விளையாட்டு என்று இருவரும் ஒத்துக்கொண்டால்தான் விளையாட்டு, அன்றைக்கு அவன் ஒத்துக்கொள்ளும் நிலையில் இல்லை. பேங்க் சார் காட்கோபர் வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து, “உட்காரு தம்பி” என்று தன் இடத்தைக் கொடுத்தார். ஜன்னல் சீட்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அண்ணாச்சி நன்றாகப் பாடுவார், நிஜமாகவே நன்றாக. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் கொஞ்சம் குறைவு. மாமா கேட்டுக்கொண்டதால் மெல்லிய குரலில் ஒரு பழைய முருகன் பாட்டை முழுக்கப் பாடினார். தான்சேன் என்றோ கந்தர்வன் என்றோ யாரும் சொல்லவில்லை. ரயில் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மாமா, “நல்லா இருந்தது அண்ணாச்சி” என்றார். திருப்பிச் சொல்ல எதுவும் கிடைக்காமல் அண்ணாச்சி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாதர் வந்ததும் எல்லோரும் இறங்கினோம்.