டிகாய்: போலி வாத்து அல்ல, பார்வை வாத்து

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைப் பற்றிய ஓர் ஆவணப்படம் பார்த்துக்கொண்டிருந்தேன். பனிக்காலம், வாத்து வேட்டைப் பருவம் முடிந்துவிட்டது. பெரியவர் ஒருவர் வீட்டுப் பின்கட்டுப் பட்டறையில் கணப்பு அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து மரத்தில் வாத்து செதுக்குகிறார். வேட்டைக்காரர்கள் தண்ணீரில் மிதக்கவிட்டு, பறக்கிற வாத்துகளை அருகே வரவழைக்கும் மரவாத்து அது, ஆங்கிலத்தில் டிகாய். திரையின் அடியில் தமிழ் ஓடுகிறது: "இவர் ஐம்பது ஆண்டுகளாகப் போலி வாத்து தயாரிக்கிறார்." இந்தப் 'போலி வாத்து' எனக்குப் புதிதில்லை. கட்டுரைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அன்றைக்கு மட்டும் பொறுக்க முடியவில்லை.

'டிகாய்' டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் என்பார்கள். 'கோய்' என்றால் டச்சில் கூண்டு. ஒரு குளம், அதிலிருந்து வளைந்து குறுகிப் போகும் வாய்க்கால்கள், மேலே வலை, உள்ளே பழக்கிய வாத்துகள். அவற்றைப் பார்த்து இறங்கும் காட்டு வாத்துகள் வலைக்குள் மாட்டும். 1665இல் இரண்டாம் சார்ல்ஸ் மன்னர் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் இப்படி ஒன்று அமைத்தார். முதலில் பொறிக்குப் பெயர், அப்புறம் அழைத்துவரும் பறவைக்குப் பெயர், அப்புறம் மரத்தில் செய்த பறவைக்கும் அதே பெயர். சொல்லின் கதை இவ்வளவுதான்.

இப்போது 'போலி'க்கு வருகிறேன். போலி மருத்துவர், போலிச் சான்றிதழ், போலிப் பத்திரம் என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறோம். போலி என்றால் அசல் என்று சொல்லி நம்மிடம் தள்ளிவிடுகிற பொருள். அந்தப் பெரியவர் யாரிடமும் அப்படித் தள்ளிவிடவில்லை. மேரிலாந்தின் கிறிஸ்ஃபீல்டில் லெம், ஸ்டீவ் வார்டு என்று இரு சகோதரர்கள் இருந்தார்கள். முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே வாத்து செதுக்கிப் பெயர் வாங்கியவர்கள். 'மரத்தில் நீர்ப்பறவைக் கள்ள நகல் செய்வோர்' என்ற பொருளில் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். அதைக் காட்டி, அவர்களே சொல்கிறார்களே என்று ஒருவர் வாதாடலாம். அது கைத்தொழில்காரர் தன் தொழிலை வைத்துச் செய்த விளையாட்டு. பொருளின் பெயர் அவர்களுக்கும் டிகாய்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாசசூசெட்ஸின் எல்மர் க்ரோவெல் செதுக்கிய ஒற்றை வாத்து 2007இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அந்த விலைக்கு ஆசைப்பட்டுப் பழைய டிகாயைப் போல இன்று செய்து விற்கும் மோசடியும் உண்டு. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'போலிப் போலி வாத்து' என்றா? மோசடிக்கு ஒதுக்க வேண்டிய சொல்லை நேர்மையான பொருளுக்குச் செலவழித்தால், மோசடியைச் சொல்ல வாயில் சொல் இருக்காது.

'இரை வாத்து' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். இரை என்றால் தின்னப் போடுவது. அமெரிக்கச் சட்டம் இரையையும் டிகாயையும் தனித்தனியாகப் பார்க்கிறது. 1935இல் தானியம் தூவி நீர்ப்பறவை சுடுவதற்கும் உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து அழைப்பதற்கும் தடை வந்தது. மரவாத்துக்குத் தடை இல்லை. எல்லாம் 'இரை' என்றால் அந்தச் சட்டத்தைத் தமிழில் எழுதவே முடியாது. 'பொம்மை வாத்து' அவ்வளவு கெடுதல் இல்லை, ஆனால் குழந்தை விளையாடுகிற பொருளாகிவிடுகிறது. ஏவுகணையைத் திசைதிருப்பும் டிகாய்க்குப் 'போலி இலக்கு' சரி. அங்கே வேலை விலக்கி அனுப்புவது. வாத்து டிகாயின் வேலை அருகே வரவழைப்பது.

அந்த வேலைக்குத் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? புறநானூறு 320இல் வீரை வெளியனார் பாடுகிறார். வேட்டுவன் முற்றத்தில் நன்றாகத் தூங்குகிறான். அவன் கட்டிவைத்த பெண்மானிடம் ஓர் ஆண்மான் வந்து விளையாடுகிறது. "பார்வை மடப்பிணை தழீஇ" என்கிறது பாட்டு. கணவன் எழுந்துவிடுவானோ, கலைமான் பிரிந்துவிடுமோ என்று அஞ்சி மனைவி சத்தம் போடாமல் இருக்கிறாள். அதற்குள் காயப்போட்ட தினையைக் காட்டுக்கோழியும் காடையும் தின்றுவிடுகின்றன. பெரும்பாணாற்றுப்படையிலும் எயினர் என்ற வேட்டுவர் வீட்டு விளாமரத்தில் 'பார்வை யாத்த', அதாவது பார்வை விலங்கைக் கட்டிய, தடம் இருக்கிறது. தன் இனத்தைக் காட்டி இனத்தை வரவழைக்கும் விலங்கு பார்வை. டிகாய் என்பதும் இதைத்தான்.

'பார்வை' என்றால் இன்று கண்பார்வைதானே, குழப்பாதா என்று கேட்பார்கள். தனியாக நின்றால் குழப்பும். 'பார்வை வாத்து' என்று சேர்த்தால் என்ன குழப்பம்? உயிருள்ளதும் செதுக்கியதும் பார்வை வாத்துதான், செதுக்கியதை மட்டும் பிரித்துச் சொல்ல மரப்பார்வை. 1924இல் நெவாடாவின் லவ்லாக் குகையில் கிடைத்த, ஏறக்குறைய 2000 ஆண்டு பழைய, கோரையில் முடைந்து இறகு செருகிய வாத்துகளைக் கோரைப்பார்வை என்று சொல்லிவிடலாம். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே முதலில் கண்டதை எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. எனக்கு இருக்கிற மனக்குறை இதுதான்.

அந்தப் படத்தில் பெரியவர் செய்ததைக் கொஞ்சம் கவனித்திருந்தாலே போதும். சீடார் கட்டையைக் கைக்கோடரியால் வெட்டி, இரண்டு கைப்பிடி போட்ட இழைப்புக் கத்தியால் முதுகை உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார். அடியில் ஈயத்தகடு அடித்துத் தொட்டித் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார். வாத்து ஒரு பக்கம் சாய்கிறது. ஈயத்தை விரலளவு நகர்த்தி மறுபடி அடிக்கிறார். பளபளப்பில்லாத பெயின்ட்தான் பூசுகிறார், வெயிலில் மின்னினால் மேலே பறக்கிற வாத்து விலகிப் போய்விடுமாம். தலையையும் நிமிர்த்தி வைக்கவில்லை, கழுத்தை உள்ளிழுத்து வைக்கிறார். நிமிர்ந்த தலை பயந்த வாத்தின் தலை. உள்ளிழுத்த கழுத்தைப் பார்த்தால்தான் இங்கே பயமில்லை என்று மற்றவை இறங்கும். மேலே பறக்கிற வாத்தின் கண்ணுக்காகத்தான் அத்தனையும். "இவர் ஐம்பது ஆண்டுகளாகப் பார்வை வாத்து செதுக்குகிறார்" என்று எழுதியிருந்தாலும் திரையில் அதே ஒரு வரிதான் வந்திருக்கும்.