போதையை விட்டுவிட்டு வருபவனைத்தான் கவனிக்க வேண்டும்

சிட் விசியஸ் உயிரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று பங்க் இசை ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவில் பேஸ் கிடார் வாசித்தவர். காதலி நான்சி ஸ்பங்கனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, வழக்கு நடக்கும் முன்பே 21 வயதில் இறந்தவர். "அப்படி வாழ்ந்தவன் அப்படித்தான் போவான்" என்று யாராவது சொன்னால், போதை மறுவாழ்வு மருத்துவனான எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் ஏறக்குறைய இரண்டு மாதம் ஹெராயின் இல்லாமல் இருந்தார். 1979 பிப்ரவரி 1 அன்று ஜாமீனில் வந்தார். அன்றிரவே விருந்து, அன்றிரவே ஹெராயின். ஒருமுறை மயங்கியவரை உடனிருந்தவர்கள் எழுப்பி நடக்கவைத்தார்கள். மறுநாள் காலை உயிர் இல்லை.

போன மாதம் மறுவாழ்வு இல்லத்திலிருந்து வீடு திரும்பிய ஒரு பையனும் இப்படித்தான் போனான். "மூன்று மாதமாகத் தொடவே இல்லையே டாக்டர்?" என்று அவன் அப்பா கேட்டார். தொடாமல் இருந்ததால்தான் ஐயா! பழைய அளவைத் தாங்கும் சக்தி சில வாரங்களிலேயே உடம்பைவிட்டுப் போய்விடும். பழைய அளவு மட்டும் கைக்கு மறப்பதில்லை. "சுத்தமாகிவிட்டான், இனி பயமில்லை" என்று வீட்டார் நிம்மதியாகத் தூங்கும் அந்த வாரம்தான் மிக மோசமானது. வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட கணக்கின்படி, முதல் இரண்டு வாரங்களில் அளவு மீறிய போதையால் இறக்கும் வாய்ப்பு அந்த மாநிலத்தின் மற்ற மக்களைவிட 129 மடங்கு.

சிட்டுக்கு நான் நினைக்கும் மாற்று வாழ்க்கையில் கவர்ச்சி எதுவும் இல்லை. ஹெராயின் ஏக்கத்தை அடக்க மருத்துவர்கள் தரும் மருந்தான மெதடோனை வாங்க, தினமும் காலையில் வரிசையில் நின்றிருப்பார். நீதிமன்றப் படியேறியிருப்பார், தண்டனைகூட அனுபவித்திருக்கலாம். ஆனால் நான்சிக்கு என்ன நடந்தது என்பதற்கு ஒரு விசாரணையாவது நடந்திருக்கும். மெதடோன் சிகிச்சை நியூயார்க்கிலேயே 1960-களில் உருவானது. ரைக்கர்ஸில் அதைத் தொடர்ந்து கொடுக்கும் திட்டம் வந்தது 1987-ல்.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்டு மெதடோனையோ, அதே வேலையைச் செய்யும் புப்ரினார்ஃபினையோ தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முன்பே, மாத்திரையை எங்கே தொடர்வது, ஹெராயின் போன்ற போதை அளவு மீறும்போது அதை முறிக்கும் நாலாக்சோன் மருந்து கிடைக்குமா என்று மருத்துவரைக் கேளுங்கள். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் நடக்கவைக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். குறட்டை கேட்கிறது, தூங்கட்டும் என்றும் விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மானம் போய்விடும் என்று அந்த நேரத்தில் யோசிக்காதீர்கள்.