மின்னட்டையில் தெரிந்த சொல் வாயில் ஏன் வரவில்லை?

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு பாலர் பள்ளியில் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். போன வருடம் நாலரை வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். முதல் நாளே அவன் அம்மா கைப்பையிலிருந்து ஐபேடை எடுத்து, படம் காட்டிப் பெயர் கேட்கும் மின்னட்டைகளைத் திறந்து, "டீச்சர், இவனுக்கு இங்கிலீஷ்ல இருநூறு வார்த்தை தெரியும், பாருங்க" என்றார். பார்த்தேன். படம் மாற மாறப் பையன் சொல்லிக்கொண்டே போனான். ஜிராஃப், ஹெலிகாப்டர், ஆக்டகன், இக்ளூ. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பத்து மணிக்குப் பசியாற உட்கார்ந்தோம். அவனுடைய தண்ணீர்ப் போத்தலின் மூடி இறுகியிருந்தது. இரண்டு தடவை திருகிப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து போத்தலை என் கையில் வைத்து அழுத்தினான். "என்னய்யா வேணும்?" என்று கேட்டேன். மறுபடியும் அழுத்தினான். தமிழில் ஒரு சொல் இல்லை, மலாயில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அன்று மாலை அந்த அம்மாவிடம் கேட்டு அட்டைகளை மறுபடி பார்த்தேன். 'பாட்டில்' என்று ஓர் அட்டை இருந்தது. அதில் இருந்தது கைக்குழந்தை பால் குடிக்கும் போத்தல். இவன் கையில் இருந்ததோ நீல நிறத்தில், கழுத்தில் கயிறு தொங்கும் போத்தல். இரண்டும் ஒரே பெயருக்கு உரியவை என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. அவனுக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்த 'ஓப்பன்' என்ற சொல் இருநூறு அட்டைகளில் எங்கேயும் இல்லை.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் செய்த தவறும் இதுவேதான். வேலைக்கு வந்த புதிதில் நாற்பது படங்களைத் திரையில் ஓடவிட்டு வகுப்பே சேர்ந்து கத்துவதைக் கேட்டுப் பூரித்துப்போவேன். சேர்ந்து சொல்லும்போது மூன்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்கள் அரை நொடி பிந்தி அந்தக் குரலைப் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்ட பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

இங்கே ஆசிரியர்களான நாங்கள் சட்டென்று காட்டி மறைக்கும் அட்டையை மின்னட்டை என்போம். மணிலா அட்டையை வெட்டி, படம் ஒட்டி, ஓரத்தில் செலஃபன் டேப் போட்டு வைத்திருந்த காலத்திலிருந்தே அதே பெயர்தான். இப்போது அது கைப்பேசிக்குள் போய்விட்டதால் பெயர் இன்னும் பொருந்திவிட்டது. கருவி நல்ல கருவிதான். படம், ஒலி, சிறு அசைவு மூன்றையும் ஒரே இடத்தில் வைக்கலாம். காகித அட்டையில் அது முடியாது. ஆனால் அட்டைக்குத் தெரிந்தது ஒரே கேள்விதான்: இது என்ன? பிள்ளை நாள் முழுக்கச் சொல்ல வேண்டியிருப்பது வேறு. கொடு, என்னுடையது, வலிக்கிறது, இரு, இன்னும் வேண்டும். இவற்றில் எதையும் ஜிராஃப் மாதிரி படம் போட்டுக் காட்ட முடியாது.

2010இல் அமெரிக்காவில் ஜூடி டெலோச் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தைக்குச் சொற்களைக் கற்றுத்தரும் என்று விற்கப்பட்ட ஒரு வீடியோவை, 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு நான்கு வாரம் வீட்டில் போட்டுக் காட்டினார்கள். வீடியோவே பார்க்காத குழந்தைகளைவிட அவர்கள் கூடுதலாக எதையும் கற்றிருக்கவில்லை. அதிகம் கற்ற குழந்தைகள் யார் என்றால், அதே சொற்களை வீடியோ இல்லாமல் அன்றாட வேலைகளுக்கு நடுவே பெற்றோர் சொல்லிக்கொடுத்தவர்கள். நம் பாலர் பள்ளிப் பிள்ளைகள் அவர்களைவிடப் பெரியவர்கள், திரையிலிருந்தும் ஓரளவு எடுத்துக்கொள்வார்கள். இருந்தாலும் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கும், பிள்ளையிடம் ஐபேடைக் கொடுத்துவிட்டுச் சமையலுக்குப் போய்விடும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே மாதத்தில் எனக்குத் தெரிந்துவிடும்.

வேலை முடித்து எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வீடு வரும் அம்மா அப்பாக்களிடம் ஒரு மணி நேரம் கேட்பது நியாயமில்லை. பத்து நிமிடம் போதும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் இதற்கு ஒத்துப்போகிறது: இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. கார்ட்டூனும் அந்த ஒரு மணிக்குள் அடங்க வேண்டும் என்பதால் அட்டைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுக்கவும் முடியாது.

அந்தப் பையனின் அம்மாவிடம், "செயலி வேண்டாம்மா, உங்க போன்ல ஆல்பம் ஒன்னு திறங்க" என்றேன். ஆறே படம். அவன் போத்தல், அவன் சப்பாத்து, அவன் பை, வீட்டுக் கதவு, பாட்டியின் மூக்குக் கண்ணாடி, ஆறாவதாகப் பத்துமலை முருகன் கோயில் படிகள். செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயிலேறி அவர்கள் அடிக்கடி போகும் இடம் அது. 2018இல் வண்ணம் பூசிய அந்த 272 படிகளின் படம் ஒன்றே 'ஸ்டெப்ஸ்' என்பதற்கும் 'ரெட்', 'யெல்லோ', 'புளூ' என்பதற்கும் போதுமானதாக இருந்தது. பனியும் இக்ளூவும் அவன் கண்ணால் காணாதவை. அவை பிறகு வரட்டும்.

வினைச்சொற்களுக்கு மூன்று நொடி வீடியோ எடுக்கச் சொன்னேன். பிள்ளையே நடிக்க வேண்டும். மூடியைத் திருகித் திறக்கிறான், அது 'ஓப்பன்'. கோப்பையில் மைலோவை ஊற்றுகிறான், அது 'போர்'. தன்னைத் தானே பார்ப்பதில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சலிப்பே வராது. கடையில் வாங்கிய எந்த அட்டைத் தொகுப்பும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம். இலவசச் செயலிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு அட்டைக்கு நடுவே விளம்பரம் வரும், சரியாகத் தொட்டால் நட்சத்திரம் வெடிக்கும். பிள்ளை சொல்லை விட்டுவிட்டு நட்சத்திரத்துக்காகத் தொட ஆரம்பித்துவிடுவான்.

உச்சரிப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பேரப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒருவர் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அக்கறை என்றால் அதுதான். ஆனால் பேரிக்காய்க்கான ஆங்கிலச் சொல்லையும் கரடிக்கான சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டுமே 'பேர்'. நம் 'ப' என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிக்கும் நிற்கிறது, பிள்ளையின் காதுக்கு அந்த இரண்டும் வேறு வேறாகக் கேட்க வேண்டும். நல்லவேளையாக, நம் பிள்ளைகளுக்கு மலாய் தெரியும். மலாயில் காலைப் பொழுதைச் சொல்வதற்கும் (pagi) 'கொடு' என்பதற்கும் (bagi) நடுவே இருப்பது அந்த ஒரே ஒலி வேறுபாடுதான். அதைச் சொல்லிக்காட்டினால் நாலு வயதுப் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒலியை அட்டையில் பதிந்து வையுங்கள், நன்றாக உச்சரிக்கும் சித்தியோ மாமாவோ பேசிப் பதியட்டும். பாட்டியின் வேலை வேறு, அதுதான் பெரிய வேலை. "இது நம்ம வீட்ல எங்க இருக்கு? போய் எடுத்துட்டு வா" என்று தமிழில் கேட்பது.

தமிழில் கேட்பதா என்று முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு. "ஆங்கிலம் வரணும்னு வீட்ல தமிழ நிறுத்திட்டோம் டீச்சர்" என்று மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு ஊற்றுவது, சிந்துவது, கொட்டுவது, தெளிப்பது நான்கும் வேறு வேறு செயல்கள் என்பது சமையலறையிலேயே தெரிந்துவிடுகிறது. அம்மா மாவை ஊற்றுகிறார், தம்பி பாலைச் சிந்துகிறான், பாட்டி வாசலில் தண்ணீர் தெளிக்கிறார். அப்படிப்பட்ட பிள்ளைக்கு 'போர்', 'ஸ்பில்', 'ஸ்பிரிங்கிள்' மூன்றும் புதுப் பெயர்கள் மட்டும்தான். பொருள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, பெயரை அதன்மேல் ஒட்டினால் போதும். தமிழையும் எடுத்துவிட்டால் பிள்ளை செயலையும் பெயரையும் ஒரே நேரத்தில், ஒரு படத்தைப் பார்த்தே பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏழு வயதில் முதலாம் ஆண்டில் அவனுக்காகத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் காத்திருக்கின்றன. ஆறு வயதுவரை கிடைக்கும் வீட்டுப் பேச்சு மூன்றுக்கும் சேர்த்துத்தான் அடித்தளம் போடுகிறது.

நம் பக்கத்துச் சொற்களே ஆங்கிலத்தில் ஏறியிருப்பதும் ஒரு வசதி. 'மாங்கோ'வும் 'கறி'யும் நம்மிடமிருந்து போனவை, 'ரம்புத்தான்', 'டுரியான்', 'ஓராங் ஊத்தான்' மலாயிலிருந்து போனவை. இந்த ஐந்தையும் முதல் வாரத்தில் வைத்தால் பிள்ளைக்கு, ஆங்கிலம் தனக்குத் தெரிந்த ஒன்றுதான் என்ற தைரியம் வருகிறது.

மறதியைப் பற்றி ஒன்று. 1885இல் ஜெர்மனியில் எப்பிங்ஹவுஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்ததை வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே பெருமளவு நடந்துவிடுகிறது, அதன்பிறகு மெதுவாகிறது. இடைவெளி விட்டு அட்டையைத் திருப்பிக் காட்டும் ஆங்கி போன்ற செயலிகள் அந்த வழியில் வந்தவை. அவை பரீட்சைக்குப் படிக்கும் பெரியவர்களுக்கு அருமையாக உதவும். நாலு வயதுக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம். காலையில் காட்டிய 'சோப்' மாலைக் குளியலில் கைக்கு வரட்டும். மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை. எதிரெதிர்ச் சொற்களை மட்டும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். 'லெஃப்ட்', 'ரைட்' இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, பல மாதம் குழம்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றது.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று நொடி பொறுத்தபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாதிருந்தவர்களும் பேசினார்கள். மூன்று மொழிகளில் தேடி ஒரு சொல்லை எடுக்கும் பிள்ளைக்கு நான் ஐந்து நொடி கொடுக்கிறேன். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், அது நாம் நினைப்பதைவிட நீளமானது. அந்த நேரத்தில் நாமே பதிலைச் சொல்லிவிட்டால், தேடுவது தன் வேலை இல்லை என்று பிள்ளை முடிவு செய்துகொள்கிறது.

இவ்வளவு செய்தும் பேச்சு வரவில்லை என்றால் அட்டையைக் கூட்டாதீர்கள். இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, எந்த மொழியிலும் பேசவில்லை என்றால் பக்கத்திலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். செவித்திறனையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சொற்களை எண்ணும்போது மூன்று மொழியையும் சேர்த்து எண்ணுங்கள், 'தண்ணி'யும் ஒரு சொல், 'வாட்டர்' இன்னொரு சொல். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்ற ஒரு பேச்சில் ஒன்றரை வருடம் வீணான பிள்ளையை எனக்குத் தெரியும்.

அந்தப் பையனுக்கு மூன்று வாரம் ஆனது. பசியாறும் நேரத்தில் போத்தலோடு வந்து நின்றான். வழக்கம்போல் என் கையில் வைத்தான். நான் எண்ண ஆரம்பித்தேன். நாலாவது எண்ணில், மிக மெல்லிய குரலில், "டீச்சர், ஓப்பன்" என்றான். திறந்து கொடுத்தேன். அடுத்த சில நாட்கள் அந்த ஒரே சொல்லால் பிஸ்கட் பொட்டலம், பையின் ஜிப், குடை எல்லாவற்றையும் திறக்கச் சொன்னான். ஒரு நாள் வாழைப்பழத்தை நீட்டி "ஓப்பன்" என்றான். அது தவறுதான், ஆனால் எந்த அட்டையும் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனே யோசித்துச் சொன்னது. பழத்தை வாங்கி, "உரிக்கணுமா? பீல்" என்று பாதி உரித்து மீதியை அவனிடம் கொடுத்தேன்.

எங்கள் வழக்கப்படி, வாயில் புழங்க ஆரம்பித்த சொல்லின் அட்டையைப் பிள்ளையே அழித்துவிடலாம். அவன் அம்மா வகுப்பு வாசலில் போனை நீட்டினார். மூடி திறக்கும் அந்த மூன்று நொடி வீடியோவைக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு, குப்பைத்தொட்டிப் படத்தை அவனே அழுத்தினான். அன்று இரவே அவர் புது வீடியோ ஒன்று அனுப்பினார். அதில் அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.