ஓட்டையை அடைக்கும் முன்

ஏப்ரல் மாத நள்ளிரவில் படுக்கையறைக்கு மேலே யாரோ நடப்பது போலச் சத்தம் கேட்கும். எலியின் ஓட்டமும் அல்ல, அணிலின் பிராண்டலும் அல்ல. எடையுள்ள, அவசரமில்லாத நடை. கனடாவின் ரொறன்ரோவில் பழைய வீடு வாங்கிய நம்மவர் பலருக்கு இந்த நடை பழகிப்போயிருக்கும். மரமேறும் வட அமெரிக்க விலங்கான ரக்கூனின் நடை அது. சில நாட்களில் இன்னொரு சத்தமும் சேர்ந்துகொள்ளும்: பறவைக்குஞ்சுகள் முனகுவது போன்ற கீச்சொலி. காது கொடுக்க வேண்டியது இதற்குத்தான். மேலே குட்டிகள் இருக்கின்றன.

ஸ்காபரோவில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் இது நடந்தது. மே மாதம். மாலை மங்கியதும் ரக்கூன் இறங்கி இரை தேடப் போனதைப் பார்த்துவிட்டு, ஏணி வைத்து ஏறி ஓட்டையில் பலகை அடித்தார்கள். விடிவதற்குள் பலகைக்குப் பக்கத்தில் கூரையின் தார்த் தகடுகள் உரிந்து கிடந்தன. பழைய ஓட்டையைவிட இருமடங்கு பெரிதாகப் புதிய ஓட்டை. அதை அட்டகாசம் என்றார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. குட்டிகள் உள்ளே, தாய் வெளியே. வேறு என்ன செய்யும்?

ரக்கூனுக்கு வீடு என்பது பொந்துள்ள ஒரு பெரிய மரம், அவ்வளவுதான். குளிர்காலக் கடைசியில் இணை சேர்ந்து, சுமார் 63 நாள் சுமந்து, ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போடும். ஆணுக்கு வளர்ப்பில் பங்கில்லை. குட்டிகள் கண் திறக்க ஏறக்குறைய மூன்று வாரம், தாயின் பின்னால் நடந்து வர எட்டு வாரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை சூடான, இருட்டான, உயரமான இடம் வேண்டும். பரணில் விரித்த வெப்பக்காப்புப் பஞ்சைவிட நல்ல இடம் நகரத்தில் எங்கே கிடைக்கும்?

உள்ளே நுழையும் இடம் பெரும்பாலும் ஒன்றேதான். கீழ்க்கூரை மேல்மாடிச் சுவரைச் சந்திக்கும் மூலையில், இறவாரத்தின் அடிப்பலகை ஈரத்தில் ஊறி இளகியிருக்கும். ரக்கூன் அதன்மேல் நின்று முதுகால் நெம்பும், கையால் தள்ளும். 10 சென்டிமீட்டர் இடைவெளி கிடைத்தால் நுழைந்துவிடும். திரும்பி இறங்குவதும் அதற்குச் சிரமமில்லை. பின்னங்கால் பாதங்களைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டு, தலை கீழாகவே சுவரில் இறங்கும்.

எல்லாவற்றையும்விட வியப்பூட்டுவது அதன் கை. வர்ஜீனியாவின் பவ்ஹாட்டன் பழங்குடி மக்கள் இந்த விலங்குக்கு இட்ட பெயரிலிருந்துதான் ‘ரக்கூன்’ வந்தது. கையால் தேய்ப்பது, சுரண்டுவது என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஐந்து விரல்கள் உண்டு. நம்முடையதுபோல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து பற்றும் கட்டைவிரல் மட்டும் இல்லை. அந்தக் குறையைத் தொடுவுணர்ச்சி ஈடுகட்டுகிறது. அதன் மூளையில் தொடுதலை அறியும் பகுதியில் பெரும்பங்கு முன்னங்கைகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி மடிப்புகூட உண்டு. கண் வேறெங்கோ பார்த்திருக்க, விரல்கள் தாமாகவே தகட்டின் விளிம்பைத் தடவி, தளர்ந்த ஆணியைக் கண்டுபிடித்துவிடும். 2016இல் ரொறன்ரோ மாநகராட்சி 3 கோடியே 10 லட்சம் டாலர் செலவில், திருகிப் பூட்டும் மூடியுள்ள பச்சைக் குப்பைத்தொட்டிகளைக் கொண்டுவந்ததே இந்தக் கைக்கு அஞ்சித்தான். சில ரக்கூன்கள் அதையும் திறக்கக் கற்றுக்கொண்டன.

ஆகவே மரப்பலகை போதாது, ஆணியும் போதாது. தடித்த எஃகுக் கம்பிவலையை விரல் மாட்ட விளிம்பில்லாதபடி மடித்து, இளகாத நல்ல மரத்தில் திருகாணியால் இறுக்க வேண்டும். இறவார மூலைகள், காற்றுப்போக்கிகள், புகைபோக்கி வாய் எல்லாவற்றுக்கும் இதுவே வழி. டெக் எனப்படும் வீட்டோடு ஒட்டிய மரத்தளத்தின் அடியில் என்றால் வலையை ஓர் அடி ஆழம் புதைத்து, அங்கிருந்து வெளிப்புறமாக இன்னோர் அடி படுக்கையாக மடித்துவிட வேண்டும். தோண்ட வருவது சுவரோரத்தில்தான் தோண்டும். வலையில் கை தட்டியதும் ஓர் அடி பின்னால் போய்த் தோண்டும் யோசனை அதற்கு எளிதில் வராது. அந்துருண்டை, அமோனியா இவற்றை நம்ப வேண்டாம். அவற்றின் ஆவி நமக்குத்தான் கேடு.

பிடித்துத் தூரக் காட்டில் விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் விட வேண்டும். நோய் பரவாமலிருக்க இது அவசியம். பத்து ஆண்டுகளாக மாகாணத்தில் இல்லாதிருந்த ரக்கூன் ரேபிஸ் என்ற வெறிநோய், 2015 டிசம்பரில் ஹமில்ரனில் மீண்டும் தலைகாட்டியது. அதோடு, ஓட்டை திறந்தே கிடந்தால் வாசனை பிடித்து அடுத்த ரக்கூன் குடிவந்துவிடும்.

பரணில் எச்சம் குவிந்திருந்தால் வெறுங்கையால் துடைக்க வேண்டாம். அதிலுள்ள உருளைப்புழு முட்டைகள் மனிதரின் மூளையையும் கண்ணையும் தாக்கக்கூடியவை. பிளீச்சுக்குச் சாகாது, கொதிநீருக்குத்தான் சாகும்.

எங்கள் தெரு வீட்டுக்கு மறுவாரம் முறை தெரிந்த இருவர் வந்தார்கள். முதலில் மற்ற பலவீனமான மூலைகளையெல்லாம் வலையால் அடைத்தார்கள். கையுறை போட்டுக்கொண்டு நான்கு குட்டிகளை எடுத்து, சூடாக்கிய பெட்டியில் வைத்து, ஓட்டைக்கு அருகே கூரைமேல் வைத்தார்கள். ஓட்டையில் ஒருவழிக் கதவு: உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து இழுத்தால் திறக்காது. தாய்க்கு மாற்றுப் பொந்துகள் இருக்கும், கூட்டிப்போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கதவு சில நாள் அசையாமலிருந்த பிறகுதான் அங்கேயும் வலை ஏறும்.

அன்றிரவு எதிர்ச் சன்னலில் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். பதினொரு மணிக்கு மேல் கதவு அசைந்தது. தாய் வெளியே வந்து, பெட்டியை முகர்ந்து, ஒரு குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு வேலிப்பக்கம் இறங்கியது. திரும்பி வந்தது, மீண்டும் ஒன்று. நான்காவதையும் கொண்டுபோன பிறகு இன்னொரு முறை வந்தது. காலிப் பெட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டு, தலையை வேறு பக்கம் திருப்பியபடி, மூலை மூலையாகத் துழாவியது. பிறகு இறங்கிப் போய்விட்டது.