டூயல் பூட்: ஒரே வட்டில் விண்டோஸும் உபுண்டுவும்

விண்டோஸ் உள்ள மடிக்கணினியில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவையும் நிறுவலாம் என்றதும், இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். டூயல் பூட் முறையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். எது என்பது கணினியை இயக்கிய முதல் சில நொடிகளிலேயே முடிவாகிவிடுகிறது.

பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையில் உள்ள யூஇஎஃப்ஐ என்னும் நிலைபொருள் (பலகையிலேயே பதிந்திருக்கும் நிரல்) வன்பொருள்களைச் சரிபார்த்துவிட்டு, வட்டில் ஃபேட்32 வடிவில் உள்ள ஒரு சிறிய பார்ட்டிஷனை, அதாவது தனியாகப் பிரித்த பகுதியைத் திறக்கிறது. இரு இயங்குதளங்களின் தொடக்க நிரல்களும் அங்கே தனித்தனி ஃபோல்டர்களில் இருக்கின்றன. உபுண்டுவை நிறுவிய பின், வழக்கமாக முதலில் அழைக்கப்படுவது அதன் தொடக்க நிரலான க்ரப். திரையில் அது காட்டும் பட்டியலில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸின் சொந்தத் தொடக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு க்ரப் விலகிக்கொள்ளும். யூஇஎஃப்ஐக்கு முந்தைய பயாஸ் நிலைபொருள் கொண்ட பழைய கணினிகளில் தொடக்க நிரலுக்கென இருந்த இடம் வட்டின் தொடக்கத்தில் வெறும் 446 பைட்டுகள்; பின்னால் நிறுவப்பட்டது முன்னதை அழித்துவிடும் என்பதால்தான் விண்டோஸை முதலில் நிறுவச் சொன்னார்கள்.

வட்டில் இடம் ஒதுக்குவது கடினமன்று. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியிலேயே சி டிரைவைச் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் முக்கியக் கோப்புகளுக்கு வேறிடத்தில் நகல் எடுக்காமலும், வட்டை மறையாக்கம் செய்து பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் குறித்துவைக்காமலும் யாரும் இதில் இறங்கக் கூடாது.

உண்மையான சிக்கல்கள், இரண்டும் பொதுவாகப் பயன்படுத்தும் இடங்களில்தான் எழுகின்றன. விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. தன் மையப் பகுதியான கருநிரலின் நிலையை வட்டில் சேமித்துவைத்து, அடுத்த முறை அங்கிருந்தே தொடர்கிறது. இடையில் உபுண்டு விண்டோஸின் டிரைவில் எதையேனும் எழுதினால், விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் கணக்கும் வட்டின் உண்மை நிலையும் முரண்பட்டுக் கோப்புகள் சிதையக்கூடும். ஆகவே அந்த வசதியை முதலிலேயே நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது கடிகாரம். தாய்ப்பலகைக் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. உபுண்டுவோ உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. எனவே இந்தியாவிலும் இலங்கையிலும், உபுண்டுவிலிருந்து காலை 10 மணிக்கு விண்டோஸுக்கு மாறினால் அது 4:30 என்று காட்டும். விண்டோஸ் இணையம் வழியே நேரத்தைத் திருத்திக்கொண்டால், அடுத்து உபுண்டுவில் பிற்பகல் 3:30 ஆகிவிடும். கோடைகால நேர மாற்றம் இல்லாத இவ்விரு நாடுகளிலும், உபுண்டுவை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுவதே எளிய தீர்வு. அதற்கு டெர்மினலில் ஒரே ஒரு கட்டளை போதும்.